பாயம்மாவின் பச்சைக் கிழங்கு

ஏற்காட்டில் சிலர் என்னை ஆர்க்கிட் அம்மா என்பார்கள். அந்தப் பட்டம் வந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு வருடம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகையோடு சேர்த்து வீட்டுச்செடிப் போட்டி வைத்தார்கள். ஆர்க்கிட் பிரிவில் கலந்துகொண்டது இரண்டே பேர். நான் இரண்டாம் பரிசு வாங்கினேன். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை ஹாலில் ஷோகேஸுக்குள் வைத்தேன். அதில் யாரும் சோறு கட்டிக்கொண்டு போனதில்லை. முதல் பரிசு வாங்கியவர் அந்த மாதமே கோயமுத்தூருக்குக் குடிபோய்விட்டார். ஊரில் மிச்சமிருந்த நிபுணர் நான் ஒருத்திதான்.

மஞ்சக்குட்டை பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற ரைட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மழைக்கு முன்னால் எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். விழுந்த கிளைகளில் காட்டு ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருக்கும். அது விறகோடு போவதற்குள் பிய்த்துக்கொண்டு வந்து வீட்டுச் சில்வர் ஓக் மரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுவது இங்கே பலரும் செய்கிற காரியம். நானும் கட்டினேன். சிலது பூத்தது. என் ஆர்க்கிட் ஞானம் அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆபீசில் யார் எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதிலைச் சொல்லிவிடுவேன், சரியான பதிலைப் பிறகு தேடிக்கொள்வேன். என் கணவர் இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை, டார்ச் லைட், பிளாஸ்டிக் வாளி விற்கிற பாய் பிப்ரவரி மாதம் ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி ஜனவரியில் இறந்துபோயிருந்தார். ஊரில் எல்லோரும் அந்த அம்மாவைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். துக்கம் விசாரிக்க நானும் போய் வந்திருந்தேன். இப்போது பாய் கையில் கைப்பிடி உடைந்த நீல வாளி ஒன்று இருந்தது. வாளி நிறைய மண். மண்ணுக்கு மேலே கை முட்டி அளவில் ஒரு பச்சைக் கிழங்கு வழுவழுவென்று உட்கார்ந்திருந்தது. அதன் தலையிலிருந்து நீள நீளமான இலைகள் கிளம்பி வாளிக்கு வெளியே தொங்கின. நுனிகள் மட்டும் காய்ந்து சுருண்டிருந்தன.

“ஏனுங்க அக்கா, இது அவ ஜன்னலோரம் வெச்சு வளத்ததுங்க. ஊட்ல இருக்கற ஒரே செடி இதுதான். வர்ற வெள்ளிக்கெழம நாப்பதாம் நாளு. கபர் மேல பச்சையா ஒண்ணு இருக்கோணும்னு எங்களுக்கு ஒரு பழக்கம். எங்கயாச்சும் வாங்கி வெக்கறதுக்குப் பதிலா, அவ கையில வளந்ததையே வெச்சரலாமுன்னு பாக்கறேன். நெலத்துல நட்டா நிக்குமுங்களா?”

கேள்வி இவ்வளவுதான். மனைவியை அடக்கம் செய்த இடத்தில் அவர் வளர்த்த செடி நிற்க வேண்டும். நிற்குமா, நிற்காதா? எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் பாய் வேறு யாரையாவது கேட்டிருப்பார். நான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பாய் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். “ஏதோ வெங்காய ஜாதின்னு அவ சொல்லுவாளுங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துச் சொன்னாங்களாம்.”

“அந்தத் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணும் தெரியல பாய்” என்றேன்.

பாய் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். “அப்படிங்களா” என்றார்.

செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்கிற ஆப் ஒன்று என் செல்போனில் இருக்கிறது. முதல் படத்துக்கு அது வெங்காயக் குடும்பம் என்றது. வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி பாயையே வாளியை வாசலுக்குத் தூக்கிவரச் செய்தேன். இரண்டாவது படத்துக்கு ஏதோ லில்லி என்றது. கோணம் சரியில்லை என்றேன். கடைசியில் தரையில் மண்டிபோட்டு, இலைகளை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, கிழங்கை மட்டும் கிட்டத்தில் எடுத்த ஐந்தாவது படத்துக்கு ஆர்க்கிட் என்றது. “பாத்தீங்களா” என்று பாயிடம் காட்டினேன். ஒரு செல்போனை மிரட்டி வாக்குமூலம் வாங்கின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மரத்தில் ஒட்டி வளர்கிற சில ஆர்க்கிடுகளுக்கும் இப்படிப் பச்சைக் கிழங்கு வெளியே தெரியும். அதன் தலையிலிருந்துதான் இலையும் கிளம்பும். மேலே மெல்லிய காகிதம் போலக் காய்ந்த தோலும் இருக்கும். இதற்கும் எல்லாம் இருந்தது. ஆர்க்கிடையே தினம் பார்க்கிற கண்ணுக்கு உலகத்தில் உருண்டையாக இருப்பதெல்லாம் ஆர்க்கிட்தான். பாயை நிற்க வைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். அபூர்வமான ஜாதி என்றேன். நிலத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் அழுகிவிடும் என்றேன்.

“நான் மரத்துல கட்டித் தேத்தறேன் பாய். பூக்க வெச்சு, கன்னு பிரிச்சு, தனியாத் தொட்டி போட்டுத் தர்றேன். அப்பக் கொண்டுபோயி அங்க வைங்க.”

“எத்தன நாளு ஆகுமுங்க?”

“ஆறு மாசம்.” ஆறு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

அவர் வாளியிலிருந்து தொங்கின ஒரு இலையை எடுத்து உள்ளே போட்டார். “செரிங்க. அதுவரைக்கும் வேற எதையும் வெக்க வேண்டாம். இதுவே வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பதாம் நாள் அந்தக் கபர் வெறும் மண்ணாகத்தான் இருந்தது. நல்ல வேளை, என்னிடம் வந்து கேட்டாரே என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே சிகிச்சையை ஆரம்பித்தேன். செடியை மண்ணிலிருந்து பிடுங்கிக் குழாயடியில் கழுவினேன். அடியில் வெள்ளை வெள்ளையாகத் தடித்த வேர்கள் கொத்தாக இருந்தன. ஆர்க்கிடுக்குப் பழைய வேர் ஆகாது என்று கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினேன். சில்வர் ஓக் மரத்தில் என் கண்மட்டத்துக்குப் பாசி வைத்து, தேங்காய் நார் வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். காலையிலும் மாலையிலும் ஸ்ப்ரேயரால் நனைத்தேன். கோடைக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் சிலர் என் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரத்தைப் பார்ப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, இது அபூர்வம், தொடாதீர்கள் என்று சொல்வேன். தொடுகிற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் கிழங்கின் தோலுக்கு அடியில் சின்னச் சின்னப் புடைப்புகளைப் பார்த்தேன். ஸ்ப்ரேயரைக் கீழே வைத்துவிட்டேன். காப்பி எஸ்டேட்டில் காலம் தள்ளின யாருக்கும் புடைப்பு என்றால் பயம். காப்பிச் செடியின் தண்டில் பட்டை புடைத்திருந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் இருக்கிறது என்று அர்த்தம். புழு உள்ளேயே குடைந்துகொண்டு போகும். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அது பக்கத்துச் செடிக்கும் போகும். எத்தனை செடி பிடுங்கியது, எத்தனை எரித்தது என்று முப்பது வருடம் எழுதினது இந்தக் கை.

இது பாயம்மாவின் செடி, எரிக்க முடியாது. ஆபரேஷன் செய்தேன். பழைய பிளேடால் தோலைக் கீறி, ஊசியால் ஒவ்வொரு புடைப்பையும் நெம்பி வெளியே எடுத்தேன். உள்ளே இருந்தது புழு இல்லை. பச்சையும் வெள்ளையுமாக, பட்டாணியைவிடச் சின்னதாக உருண்டைகள். முட்டை என்று முடிவு செய்தேன். ஒன்று விடாமல் பொறுக்கி, கொட்டாங்குச்சியில் போட்டு, வெந்நீர் அடுப்புத் தீயில் கொட்டினேன். கீறின இடத்தில் தடவுவதற்குத் தெரிந்த எஸ்டேட்டிலிருந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து கொஞ்சம் வாங்கிவந்து பூசினேன். கிழங்கு நீலமாகிவிட்டது. என் விரல்கள் இரண்டு நாள் விடாமல் அரித்தன. பூச்சியின் விஷம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள் என்று கணவரிடம் கையைக் காட்டினேன். அவர் தேங்காய் எண்ணெய் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

இதற்கு நடுவில் பாயின் கடை வழியாகத்தான் நான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வெளியே வருவார். “செடி எப்படி இருக்குதுங்க அக்கா?” என்று கேட்பார். முதலில் “வேர் பிடிக்குது” என்றேன். பிறகு “சின்னதா ஒரு பூச்சி இருந்தது, எடுத்துட்டேன்” என்றேன். “நொம்ப சந்தோசமுங்க” என்பார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் தேவையே இல்லாத பேட்டரியாக வாங்கிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டில் டார்ச் லைட் ஒன்றுதான். ஜூனில் மழை பிடித்ததும் மேல் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். என் குடைக்குக் கம்பி ஒடிந்திருந்தது. குடைக்காரரைப் பார்க்கப் பயந்து ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தவள் என்ற பெருமையும் எனக்கு உண்டு.

ஏனென்றால் செடி அதற்குள் இளகத் தொடங்கியிருந்தது. மழையும் பனிமூட்டமும் விட்டபாடில்லை, பாசி ஊறிப்போய்க் கிடந்தது, அதற்கு மேல் நான் வேறு ஸ்ப்ரேயரோடு நின்றேன். இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஆகஸ்டில் கிட்டே போனால் ஒரு வாடை அடித்தது. அப்போதும் ஆர்க்கிடுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று உண்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் தலைச்சோலையிலிருந்து ஒரு பெண் வந்து என் வீட்டில் களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். மகள் பிரசவத்துக்காக அடிவாரத்தில் ஆறேழு மாதம் தங்கிவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். வந்தவள் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு சில்வர் ஓக் மரத்துக்கு எதிரில் நின்றுவிட்டாள்.

“ஏனுங்கம்மா, வெங்காயத்த எதுக்குங்க மரத்துல கட்டி வெச்சிருக்கறீங்க?”

“அது ஆர்க்கிட்.”

அவள் வாதாடவில்லை. கயிற்றை அறுத்தாள், கிழங்கைக் கையில் எடுத்தாள், அரிவாளால் குறுக்கே ஒரு போடு போட்டாள். அடி முழுக்க அழுகிக் கூழாகியிருந்தது. மேல்பாதியில் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். சமையலறையில் தினமும் நான் பார்க்கிற வட்டங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, ஏடு ஏடாக. ஆர்க்கிடின் கிழங்கு உள்ளே முழுக்கக் கெட்டியாக இருக்கும், ஏடு இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆறு மாதம் அதன்மேல் கத்தி வைக்காமல் இருந்திருக்கிறேன். வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் தோலில் வைத்தேன்.

“சமைக்கற வெங்காயமில்லீங்க, அந்த ஜாதி. எங்கூட்லயே ரெண்டு இருக்குதுங்க, ஓட்டுல இருந்து ஒழுகற தண்ணிதான் அதுக்கு. கல்லுலயும் நிக்கும். தோலுக்குள்ளாற குட்டிகுட்டியா உருளும் பாருங்க, அதுதானுங்க கன்னு. தானா வெடிச்சு விழும், எடுத்து மண்ணுமேல வெச்சாப் போதும். பால் மட்டும் மேல படக்கூடாது, அரிக்கும்.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் கொட்டினது எத்தனை என்று நினைத்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. பாயம்மாவின் செடி அத்தனை பிள்ளைகளை எடுத்து வெளியே நீட்டியிருக்கிறது. நான் ஒன்று விடாமல் பொறுக்கி எரித்திருக்கிறேன். பாயின் வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். அவர் வேறு எதையும் வைக்காமல் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபப்பட வேறு யாரும் கிடைக்காததால் அந்தப் பெண்ணிடமே, “இத்தன நாள் எங்க போன நீ?” என்று கத்தினேன்.

அவள் கிழங்கைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். “எதுக்குங்க இப்படிச் சங்கடப்படறீங்க? எங்கூட்டுது பாயம்மா குடுத்ததுதான். குடை வாங்கப் போனப்பக் குடுத்தாங்க. டெய்லர் கடையில இருக்குது, ஸ்கூல் ஆஸ்டல்ல இருக்குது. ஊரெல்லாம் குடுத்து வெச்சிருக்கறாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “உங்களுக்குக் குடுக்கலீங்களா?”

கொடுக்கவில்லை. அதுவும் ஒரு பக்கம் சுருக்கென்றுதான் இருந்தது. ஊரில் செடி என்றால் என் பெயரைச் சொல்கிறார்கள், களை எடுக்கிற பெண்ணுக்குக் கொடுத்த அம்மா எனக்கு ஏன் கொடுக்கவில்லை? இந்த நிலைமையிலும் அந்த ரோஷம் வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் ஷோகேஸைத் திறந்து அந்த இரண்டாம் பரிசு டிபன் பாக்ஸை வெளியே எடுத்தேன். கன்று கேட்கப் போவதற்குப் பாத்திரம் வேண்டும். அதைவிடப் பொருத்தமான பாத்திரம் வீட்டில் இல்லை.

டெய்லர் கடையில் தையல் மெஷினுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை வெட்டி வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் அதே ஜன்னலோரம் நின்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறேன், செடி கண்ணில் பட்டதே இல்லை. டெய்லர் இரண்டு கன்றுகளை டிபன் பாக்ஸில் போட்டார். “பாயம்மா ஒரு கண்டிசன் போட்டுத்தானுங்க குடுத்தாங்க. கன்னு வந்துச்சுன்னா இன்னொருத்தருக்குக் குடுத்தரோணும். உங்களுக்குக் குடுத்ததோட எனக்கு அது ஆச்சு” என்றார். ஆர்க்கிட் அம்மாவுக்கு எதற்கு இது என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

அங்கிருந்து மிஷன் பள்ளி ஹாஸ்டலுக்குப் போனேன். அங்கே சமையல் வேலை பார்க்கிற அக்கா எங்கள் சர்ச்காரர். சமையல்கட்டு வாசலில் எண்ணெய் டின்னில் வரிசையாக வைத்திருந்தார். ஒரு டின்னிலிருந்து ஆள்காட்டி விரலளவு பூந்தண்டு எழும்பிக்கொண்டிருந்தது. நல்ல பெரிய கிழங்கு ஒன்றையே வேரோடு எடுத்து மண் உதறி எனக்குக் கொடுத்தார்.

“உன் ஊட்டுக்குத்தான் இது மொதல்ல வந்துது, தெரியுமா?” என்றார்.

“எங்க வீட்டுக்கா?”

“ஏழெட்டு வருசம் இருக்கும். மழை தூறிட்டிருந்துது. பாயம்மா நனஞ்சுட்டு இங்க வந்தாங்க, கையில தயிர் கப்பு. ஆர்க்கிட் அம்மாவுக்குக் கொண்டு போனேன், அவங்ககிட்ட இடமில்லையாம், நீங்க வெச்சுக்குங்கன்னு குடுத்தாங்க. அந்தக் கப்புல இருந்ததுதான் இத்தனையும்.”

ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு புது ஆர்க்கிடை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். பாயம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நான் போனேன், கேட்டைத் திறக்கவில்லை. கொக்கியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தயிர் கப்பைக் காட்டினார். “அக்கா, என்ன செடின்னு தெரியலீங்க, கன்னு வந்துது. உங்களுக்குன்னு ஒண்ணு கொண்டாந்தேன்” என்றார். நான் ஒரே ஒரு பார்வை பார்த்தேன். “வெங்காய ஜாதி பாயம்மா. ஆர்க்கிடுக்கே இங்க இடமில்ல, இதையெல்லாம் எங்க வெக்கிறது?” என்றேன். அவர் “அதுவுஞ் செரிதானுங்க” என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். தூறலில் நிற்கிறாரே, உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

அந்தத் தெரிஞ்சவங்க நான்தான். என் வாழ்நாளில் ஒரு செடியைப் பார்த்த உடனே சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் கன்று கொண்டுவந்தவரைத் துரத்துவதற்காகச் சொல்லியிருக்கிறேன்.

டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நேராகப் பாயின் கடைக்குப் போனேன். ஆட்கள் யாரும் இல்லை. மேஜைமேல் பாக்ஸை வைத்துத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். வேரை நறுக்கினது, முட்டை என்று எரித்தது, பேட்டரி வாங்கினது, மேல் ரோட்டில் சுற்றிப் போனது. கேட்டுக்கு வெளியே பாயம்மாவை நிற்க வைத்ததை டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அன்னைக்கு வெங்காய ஜாதின்னு சொன்னது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியுமுங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ஒரே பெருமை அவளுக்கு. ஆர்க்கிட் அம்மா ஒரே பார்வையில கண்டுபிடிச்சுட்டாங்க, நொம்ப வெவரமானவங்கன்னு. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. அதனாலதானுங்க உங்ககிட்டயே கொண்டாந்தேன்.”

“அப்புறம் ஏன் பாய் நான் ஆர்க்கிட்னு சொன்னப்ப ஒண்ணும் சொல்லல?”

“அந்தத் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னீங்க. அது நீங்கதான்னு எப்படிங்க சொல்றது, சங்கடமா இருந்துது. பெறகு, நல்லாப் பாத்துத்தான மாத்திச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். பாயம்மா என்னிடம் வாங்கிக்கொண்டு போனது அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் அதைப் பெருமையாக எடுத்து ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். சர்ச் போட்டியால் வந்ததாக இத்தனை வருடம் நான் நம்பிக்கொண்டிருந்த பட்டத்தில் பாதி அந்த அம்மா கொடுத்தது. வெட்கமாக இருந்தது. அவர் இருந்திருந்தால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பாய் டிபன் பாக்ஸுக்குள் இருந்த பெரிய கிழங்கை எடுத்துப் பார்த்தார். “இது நெலத்துல நிக்குமுங்களா?” என்று கேட்டார். பிப்ரவரியில் கேட்ட அதே கேள்வி.

“எனக்குத் தெரியாது பாய். ஹாஸ்டல் அக்கா நிக்கும்னு சொன்னாங்க, தலைச்சோலைக்காரப் பொண்ணு கல்லுலயும் நிக்கும்னு சொன்னா. அவங்களுக்குத் தெரியும்.”

அன்று சாயங்காலமே அவர் கொண்டுபோய் நட்டார். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை, யோசனையும் சொல்லவில்லை. அடுத்த ஜனவரியில், பாயம்மா இறந்து ஒரு வருடம் ஆன வாரம், கடை வாசலில் என்னை நிறுத்திச் செல்போனில் ஒரு படம் காட்டினார். மண் மேட்டின் தலைமாட்டில் பச்சைக் கிழங்கு உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் கன்றுகள். நடுவிலிருந்து நீளமாக ஒரு தண்டு எழும்பி, வெள்ளைப் பூக்கள் அடியிலிருந்து மேலே வரிசையாகப் பூத்துக்கொண்டு போயிருந்தன. ஒவ்வொரு இதழிலும் பச்சைக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆர்க்கிட் போலத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்து தோட்டத்தில் நின்றிருந்தேன். பாய் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் தயிர் கப்பு.

“அங்க விழுந்திருந்த கன்னுங்க அக்கா. அவ உங்களுக்குன்னு கொண்டாந்தது, குடுக்காமயே போயிட்டா. நீங்களும் அன்னைக்குத் தேடுனதுல உங்களுக்குன்னு ஒண்ணும் வெச்சுக்கல, எல்லாத்தயும் எனக்கே குடுத்துட்டீங்க. உங்க ஊட்ல எடம் இருக்குமுங்களா?”

நான் போய்க் கொக்கியை எடுத்து, கேட்டை முழுக்கத் திறந்து, அவரை உள்ளே வரச் சொன்னேன். கப்பை வாங்கிக்கொண்டு, கணவரிடம் டீ போடச் சொல்லிவிட்டு வந்தேன்.